கண்மாயைத் தூர்வாரிவிட்டோம், சங்கத்தை எப்படி நிற்க வைப்பது?

கீழமடை
ஆகஸ்ட் 9, இரவு 9.40

வணக்கம். எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். ஊருக்குக் கிழக்கே ஒரு கண்மாய், அதன் ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், 60 ஏக்கர். பதினான்கு வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஊரோடு வந்துவிட்டேன். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், கிடக்கிறது.

2019 கோடையில் சென்னையே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது நினைவிருக்கும். அப்போதுதான் ஊர்ப் பையன்கள் சேர்ந்து கண்மாயைத் தூர்வார முடிவெடுத்தோம். சிங்கப்பூர், திருப்பூர், கோவை என்று எங்கெங்கோ இருந்தவர்கள் பணம் அனுப்பினார்கள். இரண்டு ஜேசிபி, 22 நாள் வேலை. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தோம். அந்த ஐப்பசியில் தண்ணீர் நின்றபோது கரையில் நின்று அழுதவர்களும் உண்டு.

இன்றைக்குக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மறுபடி மூடிக் கிடக்கிறது. வயலுக்குத் தண்ணீர் விடும் மடை ஒழுகுகிறது. மீன் குத்தகைப் பணம் இரண்டு வருடமாக யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் 212 பேர் இருக்கிறோம். போன மாதம் வரத்துக்கால் வெட்டக் கூப்பிட்டேன், ஐந்து பேர் வந்தார்கள். அதில் இருவர் என் சித்தப்பா பிள்ளைகள்.

லட்சக்கணக்கில் பணம் திரட்ட முடிந்த ஊருக்கு, மண்வெட்டியோடு ஒரு நாள் வர ஏன் முடியவில்லை? ஒரு சங்கம் வருடக்கணக்கில் நிலைத்து நிற்க என்ன வேண்டும்? எங்களைப் போன்றவர்கள் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லஸ்கர் மகன்
ஆகஸ்ட் 10, காலை 6.15

தம்பி, அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். மதகைத் திறந்து மூடுவதுதான் அவர் வேலை. நான் அதே துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தூர்வாரியது பற்றி. ஜேசிபியைக் கொண்டு எங்கே தோண்டினீர்கள்? நிறைய ஊர்களில் கரைக்குப் பக்கத்திலேயே பள்ளம் பறித்து அந்த மண்ணைக் கரைமேல் கொட்டிவிடுகிறார்கள். பார்க்கக் கரை உயர்ந்த மாதிரி இருக்கும், அடிவாரம் பலம் இழந்திருக்கும். இன்னொன்று, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வராது. மாடு குடிக்கும், மீன் வளரும், நிலத்தடி நீர் ஊறும். அவ்வளவுதான். கடைமடைக்காரரான உங்களுக்கு அந்த ஆழத்தால் நேரடியாக ஒரு சொட்டு கூடக் கிடைத்திருக்காது.

கண்மாய்க்கு உயிர் வரத்துக்காலில் இருக்கிறது. அது வருடா வருடம் செய்ய வேண்டிய சின்ன வேலை. ஆடி, ஆவணியில் புல் செதுக்கி, மேடு தட்டி, மழைக்கு முன்னால் வழிவிட வேண்டும். அதை ஒருவரும் படம் எடுத்துப் போடுவதில்லை. பெரிய வேலைக்குப் பணம் வரும், சின்ன வேலைக்கு ஆள் வரமாட்டான்.

அடுத்தது அதிகாரம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறை. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். உங்களுடையது 60 ஏக்கர் என்பதால் ஒன்றியத்துக் கண்மாய். ஆனால் புறம்போக்கை ஆக்கிரமித்தால் வருவாய்த்துறை, வண்டல் எடுக்க வேறு அனுமதி, மரம் வெட்ட வேறு கையெழுத்து. ஒரே கண்மாய்க்கு நாலு வாசல். எந்த வாசலில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் சங்கத்தில் இருந்தே ஆகவேண்டும். சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. மனு எழுதி, நகல் வைத்து, தேதி குறித்து, மூன்றாவது வாரம் மறுபடி போய் நிற்கிற பொறுமை போதும்.

உங்களிடம் மூன்று கேள்வி. மடையை இப்போது யார் திறக்கிறார்? அவருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? எந்தத் தேதியில் எவ்வளவு திறந்தார் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

கீழமடை
ஆகஸ்ட் 10, மாலை 7.05

ஐயா, படித்ததும் வயிற்றைக் கலக்கியது. கரை ஓரமாகத்தான் தோண்டினோம்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில்: தலைமடைக்காரர்கள் தேவைப்படும்போது அவர்களே திறந்துகொள்கிறார்கள். கூலி ஒருவருக்கும் இல்லை. எழுதியது எதுவும் இல்லை. முன்பு மடையைத் திறந்து தண்ணீர் பங்கிட ஒரு நீர்ப்பாய்ச்சி இருந்தார். அவர் இறந்து இருபது வருடம் ஆகிறது என்றார் அம்மா.

மேட்டுக்காடு
ஆகஸ்ட் 10, இரவு 10.20

அந்தக் காலத்தில் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் என்று தமுக்கு அடித்தால் போதும், ஊரே கரையில் நிற்கும். ஒற்றுமை இருந்தது. கட்சி வந்தது, காசு வந்தது, எல்லாம் போனது. என்ன பயிற்சி கொடுத்தாலும் அந்த மனசு திரும்ப வராது என்பது என் கருத்து.

தெற்குத்தெரு
ஆகஸ்ட் 11, காலை 8.50

மேட்டுக்காடு அண்ணா, அந்த ஒற்றுமையைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தாத்தா நீர்ப்பாய்ச்சி. எங்கள் பக்கம் மடைக்குடும்பன் என்பார்கள்.

மழை பிடித்துவிட்டால் தாத்தா வீட்டில் படுக்கமாட்டார். அரிக்கேன் விளக்கும் சாக்கும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். சின்னப் பையனாக நானும் கூடப் போயிருக்கிறேன். கரையின் வெளிப்பக்கம் கசிவு இருக்கும் இடமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கசிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிவாக இருந்தால் அடுத்த இடத்துக்கு நடப்பார். கலங்கலாக இருந்தால் என்னை ஊருக்குள் ஓடச் சொல்வார். கலங்கல் என்றால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது, உடைப்புக்கு அதுதான் முதல் அறிகுறி. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தக் கரை அவர் காலத்தில் ஒரு தடவை கூட உடையவில்லை.

யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கிற கை அவருடையது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவருக்கு உட்கார இடம் கிடையாது. தள்ளி நின்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வருவார். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை. கூலி, அறுப்புக் களத்தில் அளந்து போடும் நெல். அதுவும் கடைசியில் மிஞ்சும் கருக்காயும் தூசியுமாக இருக்கும். அறுப்பு மிஷின் வந்து நெல் வயலிலிருந்தே நேராக லாரி ஏறத் தொடங்கியதும் களம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. களம் போனதும் தாத்தாவின் பங்கும் போனது. அதை நிறுத்துவதாக யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. கேட்க ஆள் இல்லாததால் நின்றுவிட்டது. அப்பா திருப்பூருக்கு பஸ் ஏறினார்.

ஆகவே பழைய மாதிரி சங்கம் வேண்டும் என்றால் எனக்கு உடன்பாடு இல்லை. ஆளை விரட்டி வேலை வாங்கியதையும் ஒற்றுமை என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

கல்வெட்டு வாசகன்
ஆகஸ்ட் 11, பிற்பகல் 1.30

தெற்குத்தெரு சொல்வதற்கு ஆவணமே உண்டு. குடிமராமத்து, அதாவது ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிப்பது, தானாக நடந்தது என்று நினைக்கிறோம். 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். கரை உடைப்பு போன்ற அவசரத்தில் ஊர் உழைப்பாளிகளைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்துக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்கவும் அது வழி செய்தது. மனமுவந்து எல்லோரும் வந்திருந்தால் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்குமா?

அதற்காகப் பழையதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று ஆகாது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அதில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவி 360 நாள். மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டும் அல்ல, அவருடைய உறவினர்களும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடத் தகுதி இழக்கிறார்கள். யார் யாரெல்லாம் உறவினர் என்று சித்தி மகன், அத்தை மகன் வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சொந்தக்காரனை உட்காரவைத்துக் கணக்கை மறைப்பது ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்த வித்தை என்று புரிகிறது.

அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதப் படிப்பும் இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். அந்தக் குறையை மறைத்துவிட்டு அதை ஜனநாயகம் என்று கொண்டாட வேண்டாம். கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டுப்புத்தகம்
ஆகஸ்ட் 11, இரவு 9.15

கணக்கு என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் பதினேழு வருடம் கணக்கு எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள்.

எங்கள் குழு தொடங்கிய இரண்டாவது வருடம் ஒரு நாள் கணக்கில் 40 ரூபாய் இடித்தது. 40 ரூபாய்தானே, நான் கையிலிருந்து போட்டுவிடுகிறேன் என்றேன். கூடாது என்று ஓர் அக்கா எழுந்துவிட்டார். கூலி வேலைக்குப் போகிறவர், கையெழுத்துப் போட எங்களிடம்தான் பழகினார். இன்றைக்கு நீ போட்டால் நாளைக்கு நீ எடுத்தாலும் எங்களுக்குத் தெரியாது, முதலிலிருந்து வாசி என்றார். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. பேங்குக்குப் போய்வந்த ஆட்டோ கூலியை எழுத மறந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது, வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பதினைந்து வருடத்தில் என்னை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. எங்களோடு தொடங்கிய இரண்டு குழுக்கள் பணத் தகராறில் கலைந்தன. இரண்டிலும் கணக்கு எழுதியவர்கள் நல்லவர்கள்தான். வாசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

கணக்கு எழுதுவது வேறு, வாசிப்பது வேறு. பத்துப் பேர் முன்னால் நிதானமாக, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி வாசிக்கப் பழக வேண்டும். 'இதர செலவு' என்று ஒரு வரி இருக்கவே கூடாது. இடையில் யாராவது கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது. இது பயிற்சியால்தான் வரும். எனக்கு வர ஒரு வருடம் ஆனது.

தம்பி, மீன் குத்தகைப் பணம் எங்கே என்று கேட்டால் சண்டை வரும். அதை இப்போது கேட்காதீர்கள். இந்த வருடக் குத்தகையை எல்லோர் முன்னாலும் ஏலம் விட்டு, தொகையை ரேஷன் கடைச் சுவரில் எழுதிப் போடுங்கள். இதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், உங்கள் 212 பேரில் பெண்கள் எத்தனை பேர்?

கீழமடை
ஆகஸ்ட் 11, இரவு 10.40

அக்கா, எண்ணிப் பார்த்தேன். நாலு பேர். அதில் இருவர் வெளியூரில் இருக்கிறார்கள்.

நோட்டுப்புத்தகம்
ஆகஸ்ட் 12, காலை 5.50

வயலில் யார் நிற்கிறார்கள் என்று காலையில் போய்ப் பாருங்கள். நாற்றுப் பறிப்பது, நடவு, களையெடுப்பு எல்லாம் எங்கள் வேலை. எந்த வயலில் தண்ணீர் ஏறவில்லை என்று பட்டாவில் பேர் இருப்பவருக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். சங்கத்தில் பட்டாக்காரர் மட்டும்தான் உறுப்பினர் என்று வைத்தால், திருப்பூரில் இருப்பவர் உறுப்பினர், வயலில் நிற்பவர் வெளியாள். குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு) பயிர் செய்கிறவர்களையும் சேருங்கள்.

பொதுவளம்
ஆகஸ்ட் 12, பிற்பகல் 12.10

நான் பொருளியல் ஆசிரியர். எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அறிஞர் இதே கேள்வியைத்தான் வாழ்நாள் முழுக்கக் கேட்டார். பொதுவில் இருக்கும் காடு, மேய்ச்சல் நிலம், மீன்பிடி, பாசனம் ஆகியவை அரசும் தனியாரும் இல்லாவிட்டால் நாசமாகித்தான் தீருமா என்பது கேள்வி. நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கும் அமைப்புகளை ஆராய்ந்து, அவற்றில் பொதுவாக இருந்தவற்றை 1990இல் வெளியிட்டார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

அவர் சொன்னதில் நம் ஊர்களில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று தண்டனையைப் பற்றியது. முதல் தடவை முறை மீறினால் தண்டனை மிகச் சிறியதாக இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப மீறினால் ஏற வேண்டும். நாம் நேர்மாறாகச் செய்கிறோம். பத்துத் தடவை கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, பதினோராவது தடவை ஆளையே ஊரை விட்டுத் தள்ளிவைக்கப் பார்க்கிறோம். முதல் தடவையே 50 ரூபாய் வாங்கியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஸ்பெயினில் வலென்சியா நகரில் பேராலய வாசலில் வியாழன்தோறும் நண்பகலில் ஒரு நீர் நீதிமன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களுக்கு எட்டு நீதிபதிகள், எல்லோரும் அந்தந்த வாய்க்கால் விவசாயிகள் தேர்ந்தெடுத்தவர்கள். வக்கீல் இல்லை. வாய்மொழியாகவே விசாரணை, அங்கேயே தீர்ப்பு. வழக்கு இல்லாத வாரமும் கூடுகிறார்கள். சண்டை வந்த பிறகு யாரிடம் போவது என்று தேடத் தொடங்கினால் அதற்குள் மண்வெட்டி ஓங்கிவிடும். போகிற இடம் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

வன்னிக்குளம்
ஆகஸ்ட் 12, இரவு 8.30

இலங்கை வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கட கண்மாய் எங்களுக்குக் குளம், மடை எங்களுக்குத் துருசு, நிரம்பி மறுகால் பாய்கிறதை நாங்கள் வான் பாயுது என்போம். பிரச்சினை மட்டும் ஒன்றேதான்.

எங்கட பக்கம் விதைப்புக்கு முந்திக் கமக்காரர் (விவசாயிகள்) எல்லோரும் கூடி ஒரு கூட்டம் வைப்பது வழக்கம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்குது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எத்தனை மாத நெல், எந்தத் தேதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், வேலி எப்போது அடைக்க வேண்டும், மாடு எங்கே கட்ட வேண்டும், எல்லாம் அங்கேதான் முடிவாகும். உத்தியோகத்தர்களும் வருவார்கள். நாலரை மாத நெல் விதைக்க ஆசைப்படுகிறவனை மூன்று மாத நெல்லுக்கு ஒப்பவைப்பது லேசான காரியம் இல்லை. சத்தம் வரும். ஆனால் வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரே தேதி.

தண்ணீர் மிகவும் குறைந்த சிறுபோகத்துக்கு (இரண்டாவது போகம்) இலங்கையின் வறண்ட பகுதிகளில் ஒரு பழைய முறை உண்டு. சிங்களத்தில் பெத்மா என்பார்கள். குளத்துக்குக் கிட்ட இருக்கிற வயலை மட்டும் விதைப்பது என்று முடிவெடுத்து, அந்த நிலத்தை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் எல்லாருக்கும் பங்கு பிரிப்பது. தூர வயல்காரனுக்கும் குளத்தடியில் துண்டு கிடைக்கும். அறுத்து முடிந்ததும் காணி உரியவரிடம் திரும்பும். உங்கட பாஷையில் சொன்னால், கடைமடைக்காரன் ஒரு போகம் தலைமடையில் பயிர் செய்கிறான். முதலில் கேட்டபோது எனக்கும் நம்ப முடியவில்லை. இன்னொருவன் காணியில் நான் விதைக்கிறதா? ஆனால் யோசித்தால், தண்ணீர் இல்லாத வருடமும் கடைசிக்காரனுக்கு ஏதோ கிடைக்குது. அதனால் அடுத்த வருடம் குளக்கட்டுக்கு (கரைக்கு) மண் போடக் கூப்பிட்டால் அவனும் வருவான்.

தெற்குத்தெரு அண்ணாவுக்கு ஒன்று. நீர் பங்கிட எங்களிடமும் விதானை என்று ஒருவர் இருந்தார். 1958 நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போய்க் குழுக்கள் வந்தன. அவரிடம் அதிகாரம் கூடிப்போனது என்ற குறை இருந்தது உண்மை. ஆனால் குழுவுக்கு மாறினதும், இரவு மழைக்குக் கட்டில் யார் நடப்பது என்று கேட்டால் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள் என்று எங்கட ஐயா சொல்லுவார். குழு நல்லதுதான். நடக்கிற கால் ஒன்று வேண்டும்.

மேட்டுக்காடு
ஆகஸ்ட் 13, காலை 7.00

தெற்குத்தெரு தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். நான் பேசியது பாதிதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கண்மாய் வேலைக்குப் போவதை நிறுத்தியது கட்சியால் இல்லை. 1990களில் பம்ப் செட்டுக்குக் கரண்ட் இலவசம், போர் போட்டேன். அதன் பிறகு மடை திறந்தால் எனக்கென்ன, திறக்காவிட்டால் எனக்கென்ன? என்னைப் போல் போர் போட்ட ஏழெட்டுப் பேரும் ஒதுங்கினோம். ஊரில் கொஞ்சம் பேச்சு எடுபடுகிற ஆட்கள் நாங்கள்தான். நாங்கள் போகாததால் கூட்டமே நடக்கவில்லை.

பின்னால் போர் 400 அடியிலிருந்து 700 அடிக்குப் போனது. மூன்றாவது போரில் புகைதான் வந்தது. அப்போதுதான் உறைத்தது, கண்மாய் நிரம்பிய வருடமெல்லாம் என் கிணறும் நிரம்பியிருந்தது. கண்மாய்த் தண்ணீரைத்தான் இத்தனை வருடமும் கிணற்று வழியாகக் குடித்திருக்கிறேன், ஒரு கூடை மண் சுமக்காமல்.

அதனால் ஒரு யோசனை. மடையை மொத்தமாக அடைத்துவிட்டு, கண்மாயை ஊறல் குட்டையாக வைத்துக்கொண்டால் எல்லாக் கிணற்றிலும் நீர் ஊறும். மடைச் சண்டையும் இல்லை. சில ஊர்களில் அப்படிச் செய்கிறார்கள்.

கீழமடை
ஆகஸ்ட் 13, காலை 9.25

அண்ணா, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனால் மடையை அடைப்பதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் ஊரில் கிணறு இருப்பது பதினொரு பேருக்கு. மடையை நம்பி இருப்பது முப்பதுக்கும் மேல், எல்லாம் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர். அடைத்தால் கிணற்றுக்காரரிடம் மணிக்கு இவ்வளவு என்று தண்ணீர் வாங்க வேண்டிவரும். எல்லோரும் சேர்ந்து வெட்டிய கண்மாய் பதினொரு பேருக்குச் சொந்தமாகிவிடும்.

லஸ்கர் மகன்
ஆகஸ்ட் 13, மாலை 6.40

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைசி இரண்டு அடித் தண்ணீரை மட்டும் ஊறலுக்கு விட்டுவிட்டு மீதியை மடை வழியாக முறை வைத்துப் பாய்ச்சலாம். கிணற்றுக்காரர்கள் அதற்கு ஈடாக நீர்ப்பாய்ச்சியின் சம்பளத்தில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளட்டும். எத்தனை அடி என்பதைக் கூட்டத்தில் முடிவு செய்து, மடைத்தூணில் பெயிண்ட் அடித்துக் கோடு போட்டுவிடுங்கள். வாயால் சொன்ன அளவு ஆளுக்கு ஆள் மாறும். கோட்டை யாரும் மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய் இருக்கின்றன. 2000இல் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் வந்தது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரில் அரசு 100 கோடி ஒதுக்கி மறுபடி தொடங்கியது, விவசாயிகள் பங்கு பத்து சதவீதம் என்று வைத்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் நான் பார்த்த சில இடங்களில் சங்கம் என்பது பில் போடுவதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பாக இருந்தது. வேலை முடிந்தது, ஸ்டாம்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். மூன்றே மூன்று ஊரில்தான் அதன் பிறகும் கூட்டம் நடந்தது. மூன்றிலுமே நீர்ப்பாய்ச்சிக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் சம்பளத்துக்காகவாவது மாதம் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது.

தெற்குத்தெரு
ஆகஸ்ட் 13, இரவு 9.00

பெரும்பங்கு கிணற்றுக்காரர்கள் என்பது சரி. இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் பணமாக, மாதம் தவறாமல். நீர்ப்பாய்ச்சிக்குக் கூட்டத்தில் நாற்காலி, ஓட்டு. எந்தத் தெருவாக இருந்தாலும் விருப்பமுள்ளவர் வரட்டும், அவருக்குக் கற்றுக்கொடுக்க என் அப்பா தயாராக இருக்கிறார். கீழமடை தம்பி, உங்கள் ஊர் எங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரம் இருக்காது என்று நினைக்கிறேன். தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

கீழமடை
செப்டம்பர் 21, இரவு 10.10

ஐந்து வாரம் எழுதவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தெற்குத்தெரு அண்ணனும் அவர் அப்பாவும் வந்தார்கள். பெரியவரோடு வரத்துக்கால் முழுக்க நடந்தோம், மூன்றரை கிலோமீட்டர். நாங்கள் அடைப்பு என்று நினைத்த இடம் அடைப்பே இல்லை. அதற்கு ஒரு ஃபர்லாங் மேலே தார் ரோடு போட்டபோது வைத்த குழாய் வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கேயே திரும்பிப் பக்கத்து ஓடைக்குப் போய்விடுகிறது. நாங்கள் ஐந்து பேர் கீழே ஒரு நாள் முழுக்க வெட்டியது வீண். பெரியவர் அந்தக் குழாய்க்குள் கையை விட்டு, காய்ந்த நுரைக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். போன வருடத் தண்ணீர் எதுவரை வந்து திரும்பியது என்பது அந்தக் கோட்டில் இருந்தது. ஒன்றியத்தில் மனு கொடுத்திருக்கிறேன், நகலோடு. அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.

கூட்டம் போன ஞாயிறு நடந்தது. வாட்ஸ்அப்பில் சொல்லவில்லை. நானும் இன்னும் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம், வயலிலும் போய்ச் சொன்னோம். 41 பேர் வந்தார்கள், 16 பேர் பெண்கள். பழைய மீன் குத்தகையை ஒருவர் கிளப்பினார், சத்தம் எழுந்தது. அக்கா சொன்னபடி, இந்த வருட ஏலத்திலிருந்து தொடங்குவோம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்ச நேரம் ஆனது, அடங்கினார்கள். ஏலம் அங்கேயே நடந்து 18,500க்குப் போனது. ரேஷன் கடைச் சுவரில் எழுதிவிட்டோம்.

நீர்ப்பாய்ச்சியாக வர இரண்டு பேர் கேட்டார்கள். வாரத்துக்குப் பயிர் செய்கிற ஓர் அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண் எப்படி ராத்திரியில் கரைக்குப் போவது என்று ஒருவர் கேட்டார். ராத்திரி பன்னிக் காவலுக்கு வயலில் படுத்திருக்கும்போது ஒருவரும் இதைக் கேட்கவில்லையே என்றார் அந்த அக்கா. மாதம் 3,000 ரூபாய், கிணற்றுக்காரர்கள் 2,000 தருகிறார்கள். இரண்டு கிணற்றுக்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்கள். அவர்களை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

கணக்கு நான்தான் வாசித்தேன். குரல் நடுங்கியது.

ஐயா, ஒரு சந்தேகம். மடை ஷட்டரைச் சரிசெய்ய வெல்டர் 6,000 கேட்கிறார். திருகு பாதியில் இறுகி நிற்கிறது. மாற்றித்தான் ஆகவேண்டுமா?

நோட்டுப்புத்தகம்
செப்டம்பர் 22, காலை 5.40

படித்துவிட்டு வீட்டுக்காரரையும் எழுப்பி வாசித்துக் காட்டினேன். குரல் அடுத்த மாதம் நடுங்காது தம்பி. எழுந்து போன இருவர் வீட்டுக்கும் தனியாகப் போகாதீர்கள், மேட்டுக்காடு அண்ணா மாதிரி கிணறு உள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

லஸ்கர் மகன்
செப்டம்பர் 22, காலை 6.30

உடனே மாற்ற வேண்டாம். திருகில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி இரண்டு நாள் ஊறவிடுங்கள். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு, நீளம் முழுக்க கிரீஸ் பூசி, கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று மெதுவாக அசைத்துப் பாருங்கள். நீட்டுக் குழாய் மாட்டி பலம் கொடுத்துத் திருப்பிவிடாதீர்கள், தண்டு முறுக்கிக்கொள்ளும். அசைந்துவிட்டால் ஐப்பசிக்குள் மூன்று நாலு தடவை முழுசாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். அந்த அம்மாவையே செய்யச் சொல்லுங்கள், அவர் கைக்கு அந்தத் திருகு பழக வேண்டும். அசையவில்லை என்றால் படம் எடுத்து அனுப்புங்கள், வெல்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.